இரண்டாம் தூணின் பெயர்

போமா
நவம்பர் 6

அன்புத் தங்கை எனெலெஸுக்கு அண்ணன் வைசன் எழுதுவது.

இந்தக் கடிதத்தில் உள்ளவை:

1. என் உடல்நிலை.
2. சுகாதார அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த வேலை.
3. அரை நோயாளி.
4. பெரிய தலைவரின் கோபமும் அதற்கு நான் கண்ட வழியும்.
5. உன்னிடம் கேட்க வேண்டியது.

ஒன்று. நீங்கள் சுகமென்றால் நானும் சுகம். இடது பாதத்தின் வீக்கம் வற்றிவிட்டது. நகரத்து மாம்பழம் பெரிதாக இருக்கிறது, ருசி இல்லை.

இரண்டு. கணக்கு வாத்தியார் வேலை முடிந்தபின் வீட்டில் சும்மா உட்கார முடியாமல் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குப் போய்வருகிறேன். சம்பளம் கிடையாது, தேநீர் உண்டு. காலராவுக்கு முகாமில் சேருகிறவர்கள் எந்த ஊர் அடிபம்பில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் என்று எழுதி அனுப்புவார்கள். அதை நான் கணினியில் 'ஆர்' என்ற மென்பொருளைக் கொண்டு படமாக்கிக் கொடுக்கிறேன். ஓர் ஊருக்கு ஒரு தூண். நோயாளிகள் கூடினால் தூண் உயரும். சரியாகச் செய்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வருவதால் ஒவ்வொரு எண்ணையும் இருமுறை சரிபார்க்கிறேன்.

மூன்று. போன மழைக்காலத்துக் கணக்கை ஊர்த்தலைவர்கள் கூட்டத்தில் திரையில் காட்டினார்கள். தூண்களுக்கு இடப்பக்கம் நிற்கும் கோட்டில் எங்கெங்கே எண் போடுவது என்று நாம் சொல்லாவிட்டால் மென்பொருள் தானாகவே போட்டுக்கொள்ளும். சுழியம், இரண்டரை, ஐந்து, ஏழரை என்று அது போட்டிருந்தது. நான் கவனிக்கவில்லை. ம்வலாசி ஊர்த்தலைவர் எழுந்து, "வாத்தியாரே, ரெண்டு பேரு முகாமுக்கு வந்தாங்க, ஒத்துக்கறேன். அந்த அரை ஆளு யாரு? காலு மட்டும் நடந்து வந்துச்சா?" என்றார். பின்னால் ஒருவர், "காலு வரல. வயிறு மட்டும் வந்துச்சு" என்றார். கூடமே சிரித்தது. நான் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்தும் சாப்பிட முடியவில்லை.

நான்கு. தூண்களுக்குக் கீழே ஊர்ப்பெயர்களை அந்த மென்பொருள் ஆங்கில அகரவரிசையில் வைத்துவிட்டது. சிலோங்கா முதலில் வந்தது. ஐந்து ஊருக்கும் பெரியவரான நமிசுண்டு தலைவரின் ஊர் நான்காவது. "எங்க ஊரு எப்பருந்து சிலோங்காவுக்கு வாலாச்சு?" என்று கேட்டுவிட்டு அவர் தேநீரைத் தொடாமல் போய்விட்டார். தப்பு என்னுடையது. இனி எண்களையும் பெயர்களையும் நானே எழுதிக் கொடுத்துவிடுவதென்று முடிவு செய்திருக்கிறேன். எண்கள் முழுசாக இருக்கும். பெயர்கள் சபையில் அழைக்கிற மரியாதை வரிசையில் நிற்கும்: நமிசுண்டு, வாலிரா, சிலோங்கா, கபேசி, ம்வலாசி. நம் வாலிராவுக்கு இரண்டாம் இடம். உனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

ஐந்து. வாலிரா அடிபம்புக் குழுவுக்கு நீ தலைவியானதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?

தங்கையையும் அவள் பிள்ளைகளையும் காக்கிற பொறுப்பு தாய்மாமனுக்கு. நான் காப்பதைவிட விசாரிப்பதே அதிகம் என்ற குறை எனக்கு உண்டு. தியமிகேக்கு என் அன்பு.

வைசன்

*

வாலிரா
நவம்பர் 19

அண்ணாவுக்கு எனெலெஸ் எழுதுவது. நாங்கள் எழுந்து நடமாடுகிறோம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன். பாதத்துக்கு வெந்நீர் ஒற்றடம் கொடுங்கள்.

உங்கள் கடிதத்தைத் தியமிகே எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தாள். "மாமா லெட்டருக்கே பாடத்திட்டம் போட்டிருக்காரும்மா" என்றாள். பக்கத்து வீட்டு ஃபலேசி, சோளம் புடைத்துக்கொண்டிருந்தவள், முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அந்த அரை ஆளு எம் புருஷன்தான், எழுதிக்கோ. பாதி வீட்ல இருக்கும், பாதி கள்ளுக்கடைல இருக்கும்."

ஆமாம், குழுத் தலைவி நான்தான். ஃபலேசியிடம் பம்புச் சாவி. காலையில் மேடையைப் பெருக்கிவிட்டுத்தான் திறப்போம். ஆடு வராமல் வேலி கட்டியிருக்கிறோம். மேடையில் செருப்போடு ஏறுகிறவர்களை அவள் துடைப்பத்தால் துரத்துவாள். போன வாரம் நம் ஊர்த்தலைவரின் மருமகனையே துரத்திவிட்டாள். "மருமவன்னா காலு மணக்குமா?" என்று கேட்டாளாம்.

இரண்டாம் இடம் என்று எழுதியதை அவளிடம் சொன்னேன். "எதுல ரெண்டாவதுன்னு கேட்டுச் சொல்லு" என்றாள். மழை பிடித்துவிட்டது. நகரத்தில் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

உங்கள் தங்கை

*

போமா
டிசம்பர் 2

அன்புத் தங்கைக்கு, சுகம் விசாரித்து எழுதுகிறேன்.

1. பாதம் பரவாயில்லை.
2. இரண்டாம் கூட்டம்.
3. சில கேள்விகள்.

இந்த மழையில் நம் பக்கம் காலரா கிளம்பிவிட்டது, உனக்கே தெரிந்திருக்கும். முகாமிலிருந்து கணக்கு வந்தது. படம் வரைந்தேன். எண்கள் இரண்டு, நான்கு, ஆறு, எட்டு என்று நின்றன. பெயர்கள் மரியாதை வரிசையில் நின்றன. இம்முறை யாரும் சிரிக்கவில்லை. பெரிய தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, "இப்பத்தான் படம் மாதிரி இருக்கு" என்றார். தேநீரும் குடித்தார்.

ஒரு தூண் மட்டும் மற்றவற்றை எல்லாம் குள்ளமாக்கிக்கொண்டு நின்றது. நீரைச் சோதிக்கும் மருந்து இன்னும் வந்து சேரவில்லை. அது வரும்வரை படத்தை நம்பித்தான் நடவடிக்கை. எந்த ஊர் என்பதை அலுவலகம் அறிவிக்கும் முன் நான் சொல்லக்கூடாது.

பம்பு மேடையில் வெடிப்பு உண்டா? கழிவுக்குழி எவ்வளவு தூரம்? குளோரின் கடைசியாக எப்போது போட்டீர்கள்? ஃபலேசி என்கிற பெண் பொறுப்பானவள்தானா? துடைப்பம் தூக்குவது மட்டும் பொறுப்பு ஆகாது.

கேட்பதற்கு மன்னித்துக்கொள். எல்லோருக்கும் அன்பு.

வைசன்

*

வாலிரா
டிசம்பர் 11

அண்ணா, பிள்ளைகள் சுகம். எனக்கு மட்டும் இரண்டு நாளாகத் தலை நிமிரவில்லை.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் அலுவலக வண்டி வந்தது. ஒரு வார்த்தை கேட்காமல் பம்பின் கைப்பிடியைக் கழற்றி வண்டியில் போட்டார்கள். அடிக்க முடியாத பம்பு எப்படி இருக்கும் தெரியுமா? கை இழந்த ஆள் மாதிரி நிற்கிறது. "ஐயா, ஏன்?" என்று கேட்டேன். இளம் அதிகாரி கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். "பாத்தீங்களா, வாலிரா. எத்தன உயரம் பாருங்க. கபேசிக்கு ஒண்ணுமே இல்ல, சுத்தம். நீங்க எல்லாரும் இனிமே கபேசி பம்புல போய்ப் புடிங்க."

அது நீங்கள் வரைந்த படம் என்று இங்கே சிலர் சொன்னார்கள். நான் நம்பவில்லை. நீங்கள் வரைந்திருந்தால் எனக்கு முதலில் சொல்லியிருப்பீர்கள். கூட்டத்துக்கு நீங்கள் வரைந்ததாக எழுதியது வேறு படமாக இருக்கும், இதை அலுவலகத்தில் வேறு யாராவது வரைந்திருப்பார்கள்.

இப்போது குடத்தோடு கபேசிக்கு நடக்கிறோம். அங்கே வரிசையில் அவர்கள் ஊர்ப் பெண்கள் முடித்தபிறகுதான் எங்கள் முறை. "வந்துட்டாங்க பேதி ஊர்க்காரங்க. கொடத்த அந்தாண்ட வை, எங்க கொடத்துல படாம" என்கிறார்கள். ஃபலேசி ஒருத்திதான் பதில் பேசுகிறாள். அவர்கள் சொல்வது உண்மையாக இருக்குமோ என்று எனக்கே பயம். நான் பெருக்கிய மேடை, நான் கட்டிய வேலி.

பெரிய தலைவரின் சபையில் என்மேல் வழக்கு. குழு அசட்டையாக இருந்ததால் நோய் வந்தது என்று. நான் பாயில் உட்கார்ந்திருக்க வேண்டும், பேசக்கூடாது. என் சார்பில் என் அண்ணன்தான் எழுந்து பேச வேண்டும். அது நம் முறை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை சபை, அதற்குள் வந்துவிடுங்கள். நீங்கள் படித்தவர், அந்தப் படத்தைப் பற்றிக் கேட்கத் தெரிந்தவர்.

எனெலெஸ்

*

போமா
டிசம்பர் 20

அன்புத் தங்கைக்கு,

1. பாதம் மறுபடி வீங்கிவிட்டது. மினிபஸ்ஸில் உட்கார்ந்து வர முடியாது.
2. ஆகையால் சபைக்கு வர இயலவில்லை.
3. படத்தை யார் வரைந்தார் என்பது முக்கியமில்லை. கணக்கு சரியா என்பதே முக்கியம். முகாமிலிருந்து வந்த எண்களோடு இருமுறை சரிபார்க்கப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. அலுவலகத்தில் வாலிராவின் பெயரைச் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. இவர் ஊர்தானே, இவர் தங்கைதானே தலைவி என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றேன். எங்கோ ஒரு கவனக்குறைவு நடந்திருக்கிறது, எனெலெஸ். அதை ஒப்புக்கொள்வதில் தவறில்லை. சபையில் பணிந்து போ. ஆடு கேட்டால் கொடு. என் பங்கை நான் அனுப்புகிறேன்.

கிறிஸ்துமஸுக்குத் தியமிகேக்குத் துணி வாங்கி வைத்திருக்கிறேன்.

வைசன்

*

வாலிரா
டிசம்பர் 29

அண்ணாவுக்கு. வீங்கிய பாதம் வற்றட்டும்.

சபை கூடியது. நான் பாயில் உட்கார்ந்தேன். பெரிய தலைவர், "இவளுக்காகப் பேசுறவர் எங்க?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். "அண்ணன் இல்லாத பொண்ணா இவ?" என்று கபேசிக்காரர் ஒருவர் கேட்டார். சிரிப்பு. வழக்கைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். பெரிய தலைவர் நல்லவர், "வாத்தியாரு வரட்டும்" என்றார்.

பணிந்து போ என்று எழுதினீர்கள். பணிவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். எங்கள் ஊரில் காலரா வந்தது இரண்டு பேருக்கு. இரண்டு பேரும் கபேசியில் செங்கல் அறுக்கப் போகிறவர்கள், பகல் முழுக்க அங்கே தண்ணீர் குடிக்கிறவர்கள். கபேசியில் எத்தனை வீட்டில் படுத்தார்கள் என்று நாங்கள் வரிசையில் நின்று கண்ணால் பார்க்கிறோம். பேதி கண்ட வீடென்று சாம்பல் போட்ட வாசல்களை நீங்களே வந்து எண்ணலாம். ஃபலேசி சொல்கிறாள்: "அந்தத் தூணு எங்க ஊர்ல நிக்கல. யாரோ கபேசித் தூண புடுங்கியாந்து நம்ம வாசல்ல நட்டுட்டாங்க."

நான் அதிகம் படிக்காதவள். ஆனால் என் ஊரில் யார் சாப்பிட்டார்கள், யார் படுத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தப் படத்தை வரைந்தவரிடம் போய் இதைக் கேளுங்கள், அண்ணா. எனக்காக இல்லாவிட்டாலும் கேளுங்கள்.

எனெலெஸ்

*

போமா
ஜனவரி 8

அன்புள்ள எனெலெஸ்,

சுகமா? இங்கே மழை.

கபேசித் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். நீயும் தியமிகேயும் கட்டாயம் குடிக்கக் கூடாது. காய்ச்சாமல் எதுவும் குடிக்க வேண்டாம். பக்கத்து வீடுகளுக்கும் சொல். கரி வாங்குவதற்கு இத்துடன் கொஞ்சம் பணம் அனுப்பியிருக்கிறேன்.

பாதம் அப்படியேதான். அலுவலகத்துக்குப் போகவில்லை.

வைசன்

*

வாலிரா
ஜனவரி 16

அண்ணா, எங்கள் சுகத்தைச் சொல்லி உங்கள் சுகத்தைக் கேட்கிறேன்.

உங்கள் கடிதத்தில் இம்முறை எண்களே இல்லையே என்று தியமிகேக்குக் கவலை. "மாமாவுக்கு ஒடம்பு சரியில்லம்மா" என்கிறாள்.

நீங்கள் எழுதியபடி வீட்டில் காய்ச்சுகிறேன். பக்கத்து வீடுகளுக்கும் சொன்னேன். அவர்கள், "ஏன்?" என்று கேட்டார்கள். "என் அண்ணன் எழுதியிருக்கார்" என்றேன். "கபேசி சுத்தம்னு ஆபீஸே படம் காட்டிச் சொல்லுச்சு. ஒங்கண்ணன் ஆபீஸவிடப் பெரியவரா?" என்றார்கள். கபேசிப் பெண்கள் காதுக்கும் போய்விட்டது. "இவ பம்பப் பூட்டுனாங்கன்னு எங்க பம்புக்குப் பழி போடறா" என்று வரிசையிலேயே கத்தினார்கள். இப்போது நம் ஊர்க்காரர்களே என்னோடு சேர்ந்து நடப்பதில்லை.

ஃபலேசி மட்டும் வந்து உட்கார்ந்தாள். "நீ சொன்னா நம்புவேன். ஆனா காரணத்தச் சொல்லு. ஆறு உசுரு இருக்கற வீட்ல குடம் குடமாக் காய்ச்சக் கரிக்கு எங்க போவேன்? காரணம் தெரிஞ்சா எதையாவது வித்தாவது காய்ச்சுவேன்" என்றாள். உங்கள் பணத்தில் பாதியைக் கொடுத்தேன், அவள் வாங்கவில்லை.

காரணம் என்ன அண்ணா? ஒரு வரி எழுதுங்கள். சபையில் காட்டுகிறேன், வரிசையில் காட்டுகிறேன்.

எனெலெஸ்

*

வாலிரா
பிப்ரவரி 1

அண்ணா,

உங்களிடமிருந்து கடிதம் இல்லை.

ஃபலேசி போய்விட்டாள். காலையில் வயிறு போக ஆரம்பித்தது. சைக்கிள் டாக்சியில் பின்னால் உட்காரவைத்துத் துணியால் ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டி முகாமுக்கு அனுப்பினோம். பாதி வழியிலும் பேசிக்கொண்டுதான் போனாளாம். "மெதுவா ஓட்டு, நான் என்ன சோள மூட்டையா?" என்றாளாம். அந்தி சாய்வதற்குள் முடிந்துவிட்டது.

உடலை வீட்டுக்குக் கொடுக்கவில்லை. குளிப்பாட்ட விடவில்லை. பிளாஸ்டிக்கில் சுற்றி, முகமூடி போட்ட ஆட்கள் தூரத்தில் நிற்கச் சொல்லிப் புதைத்தார்கள். அவள் பெண்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பாடினார்கள். அவள் புருஷன் முழுசாக வந்து நின்றான், குடிக்காமல்.

நம் ஊரில் இன்னும் ஏழு பேர் முகாமில். எல்லோரும் கபேசித் தண்ணீர்.

எனெலெஸ்

*

வாலிரா
பிப்ரவரி 15

அண்ணாவுக்கு உங்கள் தங்கையும் தியமிகேயும் ஊராரும் எழுதிக்கொள்வது. நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று சர்ச்சில் உங்கள் பெயரைச் சொல்லி ஜெபித்தோம்.

போன வாரம் அலுவலக வண்டி வந்து கைப்பிடியை மாட்டிவிட்டுப் போனது. கபேசிப் பம்பைப் பூட்டிவிட்டார்கள். முகாமில் இருந்தவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். அதே இளம் அதிகாரி எல்லோர் முன்னாலும், "மெஷின் தப்பு பண்ணிடுச்சு. வாலிரா மேல குத்தம் இல்ல" என்றார். பெரிய தலைவர் வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

அதிகாரியிடம் நான் தனியாகக் கேட்டேன், எப்படித் தெரிந்தது என்று. "ஒங்க அண்ணன்தான் வந்து சொன்னாரு. வீங்கின காலோட நடந்தே வந்தாரு" என்றார். இதை நான் ஊரில் சொல்லாமல் இருப்பேனா? இப்போது வரிசையில் எல்லோரும் உங்கள் பேச்சுத்தான். "தாய்மாமன்னா இப்படி இருக்கணும். சபைக்கு வரல, ஆனா மெஷினோடவே மல்லுக்கட்டிட்டாரு" என்கிறார்கள். ஏன் சபைக்கு வரவில்லை என்று நான் மனசுக்குள் உங்களைத் திட்டியதை மன்னியுங்கள்.

மார்ச் முதல் சனிக்கிழமை சபையில் உங்களுக்கு நன்றி சொல்லப்போகிறார்கள். பெரிய தலைவர் தன் பக்கத்தில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறார். ஃபலேசியின் மூத்தவள் கோழி அறுக்கப்போகிறாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. "எங்கம்மாவுக்காக யாரும் பேசல. எல்லாருக்காகவும் அவரு பேசினாரே" என்றாள்.

வந்துவிடுங்கள்.

எனெலெஸ்

*

போமா
பிப்ரவரி 20

எனெலெஸுக்கு,

சுகம் கேட்கும் வரிகளை இருமுறை எழுதி அடித்துவிட்டேன். மன்னித்துக்கொள். சொல்ல வேண்டியவை:

1. படம் வரைந்தவன் நான்.
2. பிழை எப்படி நேர்ந்தது.
3. எனக்கு எப்போது தெரியும்.
4. ஃபலேசியின் சாவுக்குக் காரணம் எது.
5. சனிக்கிழமை.

ஒன்று. நவம்பர் படமும் டிசம்பர் படமும் நான் வரைந்தவை. டிசம்பர் கூட்டத்தில் உயரமான தூணுக்குக் கீழே வாலிரா என்று இருந்ததைப் பார்த்துக்கொண்டுதான் உனக்குக் குளோரின் பற்றிக் கேட்டு எழுதினேன். நான் வரைந்திருந்தால் முதலில் உனக்குச் சொல்லியிருப்பேன் என்று நீ எழுதினாய். அந்த வரிக்கு நான் பதில் எழுதவில்லை.

இரண்டு. மெஷின் தப்புச் செய்யவில்லை. அது தூண்களைத் தன் வழக்கப்படி அகரவரிசையில் நிறுத்தியது: சிலோங்கா, கபேசி, ம்வலாசி, நமிசுண்டு, வாலிரா. நான் பெயர்களை மரியாதை வரிசையில் எழுதிக் கொடுத்தேன். பெயர்கள் நகர்ந்தால் தூண்களும் கூடவே நகரும் என்று நினைத்தேன். நகரவில்லை. தூண்கள் நின்ற இடத்திலேயே நின்றன, நான் கொடுத்த பெயர்களை மட்டும் மென்பொருள் கீழே வரிசையாக ஒட்டியது. இரண்டாம் தூண் கபேசியுடையது. அதன் காலடியில் நான் வாலிராவை எழுதினேன். நோயாளியே இல்லாத நமிசுண்டுவின் இடத்தில் கபேசியை எழுதினேன். எல்லோரும் சிரித்த அந்த முதல் படம், அரை நோயாளி நின்ற படம், அதில் பெயர்கள் சரியாக இருந்தன. எண்களை இருமுறை சரிபார்த்தேன். பெயர்களை ஒருமுறைகூடச் சரிபார்க்கவில்லை. பெரிய தலைவர் தேநீர் குடித்தாரா என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று. நீ செங்கல் அறுப்பவர்களைப் பற்றி எழுதிய கடிதம் வந்த அன்றே பழைய முறையில் மறுபடி வரைந்து, இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஃபலேசி சொன்னதுதான் சரி. தூணைப் பிடுங்கி உங்கள் வாசலில் நட்டவன் நான். அதன் பிறகுதான் ஜனவரிக் கடிதம் எழுதினேன். அலுவலகத்துக்குப் போகவில்லை. பாதம் நடக்கக்கூடிய நிலையில்தான் இருந்தது. அதிகாரி பயிற்சிக்குப் போயிருப்பார் என்று ஒருநாள். மழை என்று ஒருநாள். வாத்தியாருக்கே வராத கணக்கா என்று சொல்வார்களே என்று மற்ற எல்லா நாளும். ஃபலேசி போனதாக நீ எழுதிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி இரண்டு தாளையும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "இத எப்பப் பாத்தீங்க, பெரியவரே?" என்று கேட்டார். "இப்பத்தான்" என்றேன். அவர் இரண்டு தாளையும் மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். பிறகு, "மெஷின் தப்புன்னு சொல்லிடலாம். நமக்குள்ள இருக்கட்டும்" என்றார். நான் தலையாட்டினேன்.

டிசம்பரில் உன்னை நினைத்து வெட்கப்பட்டேன் என்று எழுதியிருந்தேன். அந்தக் கடிதத்தைத் தயவுசெய்து அடுப்பில் போட்டுவிடு. இல்லை, வைத்துக்கொள். சபையில் கேட்டால் காட்டு.

நான்கு. பெயரை மாற்றி எழுதியதால் நல்ல பம்பு பூட்டப்பட்டது. அதனால் ஊர் கபேசிக்கு நடந்தது. அதனால் ஃபலேசி செத்தாள். டிசம்பரில் நான் செய்த அந்தப் பிழையே அவள் சாவுக்குக் காரணம்.

ஐந்து. நீ சொன்ன சனிக்கிழமை காலை மினிபஸ்ஸில் வருகிறேன். நாற்காலி வேண்டாம். நீ உட்கார்ந்த பாயை விரித்து வை. அன்று உனக்காக எழுந்து பேச ஆள் இல்லை, எனக்காகவும் யாரும் பேச வேண்டாம். இரண்டு படங்களையும் பெரிதாக அச்செடுத்துக் கொண்டுவருகிறேன். மேலே சொன்ன நான்கையும் இதே வரிசையில் சபையில் சொல்வேன். ஃபலேசியின் மகளிடம் நான் வருவதற்கு முன்பே இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. கோழியை அறுக்க வேண்டாம் என்று சொல். எனக்குக் குரல் எழாமல் போகலாம். அப்போது தியமிகே இதை உரக்கப் படிக்கட்டும், அவளுக்கு அது பழக்கம்.

வைசன்

உறையை ஒட்டுவதற்கு முன் மறுபடி படித்துப் பார்த்தேன். நான்காவதாக எழுதியது தவறு. சபையில் அதை அப்படிச் சொல்ல மாட்டேன். டிசம்பரில் பெயரை மாற்றி எழுதியபோது எனக்குத் தெரியாது. ஜனவரியில் உனக்குக் கடிதம் எழுதியபோது தெரியும். காரணம் கேட்டாள் ஃபலேசி. காரணம் தெரிந்தால் எதையாவது விற்றாவது காய்ச்சுவேன் என்றாள். ஒரு வரி போதும். அந்த ஜனவரிக் கடிதத்தின் தாளில் பாதிக்குமேல் வெறுமையாகத்தான் இருந்தது.